மூளையில் இரத்தக்கசிவு: முதல் மணி நேரமும் ஏழாவது வாரமும்

பிரேசில் நாட்டு அதிபர் லூலா டா சில்வா 2024 அக்டோபர் 19 அன்று தமது இல்லத்தின் குளியலறையில் விழுந்தார். பின்தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. நீண்ட வானூர்திப் பயணம் கூடாது என மருத்துவர்கள் கூறியதால், ரஷ்யாவில் நடைபெற்ற பிரிக்ஸ் மாநாட்டுக்கு அவர் செல்லவில்லை. மற்றபடி அலுவல்களைத் தொடர்ந்து கவனித்தார். நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் ஜி-20 மாநாட்டையும் முன்னின்று நடத்தினார். டிசம்பர் 9 அன்று அவருக்குத் தலைவலி ஏற்பட்டது. தலைநகர் பிரசிலியாவில் ஸ்கேன் எடுத்தபோது மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. சாவோ பாவ்லோ நகர மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, மறுநாள் அதிகாலைக்குள் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. 12ஆம் நாள் மேலும் ஒரு சிகிச்சை. 15ஆம் நாள் அவர் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 79.

விழுந்த நாளுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடையே ஏழு வாரங்களுக்கு மேல் கடந்திருந்தன. முதியோரைப் பராமரிப்பவர்கள் இந்தச் செய்தியில் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

மூளையில் இரத்தக்கசிவு என்றதும் நம் வீடுகளில் தோன்றும் படம் வேறு. ஒருவர் திடீரெனச் சரிகிறார், வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, 'மூளையில் நரம்பு வெடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று யாரோ சொல்கிறார்கள். இதுவும் உண்மையில் நிகழ்வதே. (வெடிப்பது நரம்பன்று, இரத்தக்குழாய்.) ஆகவே ஒரே பெயரில் இருவேறு வேகமுள்ள நோய்கள் இருக்கின்றன. ஒன்று மணிக்கணக்கில் முற்றுகிறது. மற்றொன்று வாரக்கணக்கில் வளர்கிறது. மெதுவாக வளர்வதை முதுமை என்று எண்ணி விட்டுவிடுகிறோம். விரைந்து முற்றுவதை விதி என்று எண்ணிக் கைவிடுகிறோம். அண்மை ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இவ்விரு எண்ணங்களையும் மாற்றிக்கொள்ளச் சொல்கின்றன.

மெதுவாக வளரும் கசிவு

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே தடித்த உறை ஒன்று உள்ளது. மூளையின் மேற்பரப்பிலிருந்து இந்த உறைக்கு மெல்லிய சிரைகள் பாலம்போல் செல்கின்றன. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குகிறது; அதனால் இச்சிரைகள் நீண்டு இழுபட்ட நிலையில் இருக்கின்றன. நீண்ட காலம் மது அருந்துவோருக்கும் இந்த நிலை ஏற்படும். அப்போது கதவு நிலையில் தலை இடிப்பது, கட்டிலிலிருந்து சரிவது போன்ற சிறு அதிர்ச்சியே ஒரு சிரை கிழியப் போதுமானது. சிரையில் இரத்தம் குறைந்த அழுத்தத்தில் ஓடுவதால் கசிவும் மெதுவாகவே இருக்கும். தேங்கிய இரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய சவ்வை உண்டாக்குகிறது. அச்சவ்வில் முளைக்கும் புதிய இரத்தக்குழாய்கள் வலுவற்றவை, அவையும் கசிகின்றன. இவ்வாறு தேக்கம் சிறிது சிறிதாகப் பெருகி, இரண்டு மூன்று வாரங்களிலோ இரண்டு மாதங்களிலோ மூளையை அழுத்தத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதனை நாட்பட்ட சப்டியூரல் இரத்தத் தேக்கம் என்பர்.

இந்நோய் எளிதில் பிடிபடுவதில்லை. அதன் அடையாளங்கள் முதுமையின் அடையாளங்களைப் போலவே இருப்பதே காரணம். நேற்றுவரை தானே நடந்தவர் இன்று சுவரைப் பிடித்து நடக்கிறார். கேட்ட கேள்விக்குத் தாமதித்து விடை சொல்கிறார். பகலிலும் உறங்குகிறார். ஒரு கால் செருப்பு அடிக்கடி நழுவுகிறது. சோற்றைப் பிசையும் கை தளர்கிறது. சிலருக்கு மந்தமான தலைவலி தொடர்ந்து இருக்கும். சிலருக்குத் தலைவலியே இராது. வீட்டார் இதனை மறதி நோய் என்றோ, மனச்சோர்வு என்றோ, 'வயதாகிவிட்டது' என்றோ எடுத்துக்கொள்கின்றனர். மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. சில வாரங்களுக்குள் ஒருவர் மாறிப்போனார் என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஆகவே, 60 வயதைக் கடந்த ஒருவரின் நடையிலோ பேச்சிலோ நினைவிலோ சில நாள்களில் அல்லது வாரங்களில் மாற்றம் தெரிந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் அவர் எங்கேனும் விழுந்தாரா, தலையில் அடிபட்டதா என்று நினைவுபடுத்திப் பார்த்து, அதனை மருத்துவரிடம் தாமாகவே கூற வேண்டும். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விழுந்ததைப் பல முதியவர்கள் வீட்டாரிடம் சொல்வதே இல்லை. தனியே குளிக்கவோ வெளியே செல்லவோ இனி விடமாட்டார்கள் என்னும் அச்சம் அவர்களுக்கு. கடிந்துகொள்ளாமல் கேட்டால்தான் விடை கிடைக்கும். விழுந்த நாளில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதும் முழு உறுதியாகாது. அன்று இல்லாத தேக்கம் ஐந்தாவது வாரத்தில் இருக்கக்கூடும்.

சிகிச்சை அச்சமூட்டக்கூடியதன்று. தேக்கம் சிறிதாக இருந்து தொல்லையும் இல்லையெனில், மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். பெரிதாயிருந்தால் மண்டையோட்டில் ஒன்றிரண்டு சிறு துளைகளிட்டு, தேங்கிய இரத்தத்தை வடித்து, ஒரு குழாயை ஓரிரு நாள் வைத்திருப்பார்கள். பல நேரங்களில் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே இதனைச் செய்ய இயலும். மிகவும் தளர்ந்திருந்த முதியவர் சில நாள்களில் எழுந்து நடப்பதும் உண்டு. ஆனால் சிலருக்குத் தேக்கம் மீண்டும் உருவாகலாம். சவ்வுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியை, தொடை அல்லது மணிக்கட்டு வழியே செலுத்தும் மெல்லிய குழாயின் துணையுடன் அடைத்துவிட்டால் இந்த வாய்ப்புக் குறையுமா என்பதை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2024 நவம்பரில் வெளியானது. 400 பேரைக் கொண்ட அவ்வாய்வில், அறுவை சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு மீண்டும் அறுவை தேவைப்பட்டது. அடைப்புச் சிகிச்சையும் பெற்றவர்களில் 4.1 விழுக்காட்டினருக்கே தேவைப்பட்டது. சில வாரங்கள் கழித்து, டிசம்பர் 12 அன்று பிரேசில் அதிபருக்குச் செய்யப்பட்ட இரண்டாவது சிகிச்சை இதுவே. இது எல்லா நோயாளிக்கும் தேவை என்பது பொருளன்று. இதற்கும் சில ஆபத்துகள் உண்டு. எல்லா மருத்துவமனையிலும் இதற்கான வசதி இல்லை. துளையிட்டு வடிப்பதே இன்றும் அடிப்படைச் சிகிச்சை.

மணிக்கணக்கில் முற்றும் கசிவு

மூளைத் திசுவுக்கு உள்ளேயே நிகழும் கசிவு வேறு வகை. பல ஆண்டுகள் கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தத்தால் மூளையின் ஆழத்திலுள்ள சிறு தமனிகள் நலிந்து, ஒரு நாள் அவற்றில் ஒன்று கிழிகிறது. தமனி என்பதால் இரத்தம் அழுத்தத்துடன் பாய்கிறது. முகத்தின் ஒரு பக்கம் தொங்குதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறல், திடீரெனப் பார்வை மங்குதல் ஆகியவற்றோடு கடுமையான தலைவலியும் வாந்தியும் உணர்வு மங்குதலும் சேரலாம். சிறுமூளையில் கசிந்தால் கைகால் தளர்ச்சி இராமல், நிற்க இயலாத தலைச்சுற்றலும் வாந்தியும் மட்டுமே தோன்றக்கூடும். இதனைப் பித்தம் என்று எண்ணி எலுமிச்சைச்சாறு கொடுத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

இன்னொரு வகையும் உள்ளது. மூளையின் அடிப்பகுதித் தமனியில் சிறு பலூன் போன்ற புடைப்பு இருந்து அது வெடித்தால், ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி வரும். 'என் வாழ்நாளில் இப்படியொரு தலைவலி வந்ததில்லை' என்று நோயாளியே சொல்வார். கழுத்தும் விறைக்கலாம். சிறிது நேரத்தில் வலி குறைந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது. அதே புடைப்பு மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிகுதி. கம்பிச்சுருள் செலுத்தியோ, அறுவை செய்து கவ்வியிட்டோ அதனை அடைப்பார்கள்.

இரத்தக்குழாய் அடைபட்டு உண்டாகும் பக்கவாதத்தையும், இரத்தக்கசிவால் உண்டாகும் பக்கவாதத்தையும் வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. பல்லாண்டு பயிற்சியுள்ள மருத்துவருக்கும் இது பொருந்தும். சி.டி. ஸ்கேன் ஒன்றே சில நிமிடங்களில் விடை சொல்லும். இரண்டின் சிகிச்சையும் நேர் எதிரானவை. அடைப்பு எனில் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்படும். அதே மருந்து கசிவு உள்ளவருக்கு உயிரைப் போக்கலாம். ஆகவே ஸ்கேன் எடுக்கும்முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பது பெரிய ஆபத்து. மாரடைப்புக்குச் சொல்லப்படும் அறிவுரை பக்கவாதத்துக்குப் பொருந்தாது.

இரத்த அழுத்த மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பதும், நாவின் அடியில் வைப்பதும் அவ்வாறே. இது குறித்துச் சீனாவில் நடைபெற்று 2024இல் வெளியான ஆய்வு தெளிவான விடை தருகிறது. பக்கவாத அறிகுறியுடனும் உயர்ந்த இரத்த அழுத்தத்துடனும் இருந்த 2,404 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆம்புலன்சிலேயே அழுத்தம் குறைக்கப்பட்டது. பின்னர் ஸ்கேன் எடுத்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கசிவும், ஏனையோரில் பெரும்பாலோருக்கு அடைப்பும் இருந்தது தெரிந்தது. கசிவு இருந்தவர்களுக்கு நன்மை கிடைத்தது. அடைப்பு இருந்தவர்களுக்குக் கெடுதல் நேர்ந்தது. மொத்தத்தில் கூட்டிப் பார்த்தால் பயன் ஏதும் இல்லை. மருத்துவப் பணியாளர் உடனிருந்த ஆம்புலன்சிலேயே இந்த நிலை என்றால், வீட்டில் செய்யக்கூடியது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வீட்டார் செய்ய வேண்டியவை சிலவே. 108-ஐ அழைத்து, 'பக்கவாதம் என்று ஐயப்படுகிறோம்' என்னும் சொல்லோடு தொடங்குங்கள், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும் எனக் கூறுங்கள். அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டுச் செல்லலாம் என்பதில் கழியும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்காமல் இருக்க இதுவே வழி. தண்ணீர், காபி, மாத்திரை என வாய்வழியாக எதுவும் வேண்டாம். அவர் கடைசியாக நல்ல நிலையில் காணப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் எனில் அதனை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2023இல் மாறியது என்ன?

மூளைத் திசுவுக்குள் கசியும் நோய்க்கு நீண்ட காலம் உறுதியான சிகிச்சை இல்லை என்றே கருதப்பட்டது. கசிந்த இரத்தத்தை அறுத்து அகற்றுவதால் பெரும்பாலோருக்குத் தெளிவான பயன் கிடைக்கவில்லை. அதனால் மருத்துவமனைகளிலும் ஒருவகைத் தளர்வு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடைப்பு நோயாளிக்கு ஓடிய வேகம் கசிவு நோயாளிக்கு ஓடப்படவில்லை.

2023 மே மாதம் 'தி லான்செட்' இதழில் வெளியான இன்டராக்ட்-3 என்னும் ஆய்வு இதனை மாற்றியது. 10 நாடுகளின் 121 மருத்துவமனைகளில் 7,036 நோயாளிகளைக் கொண்டு இது நடைபெற்றது. அந்நாடுகளில் ஒன்பது குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகள். இந்தியாவும் இலங்கையும் அவற்றுள் அடங்கும். ஆய்வில் புதிய மருந்து எதுவும் இல்லை. மேல் இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழ்க் கொணர்தல், இரத்தச் சர்க்கரையை வரம்புக்குள் வைத்தல், காய்ச்சலை 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகவிடாமை, வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொண்டவருக்கு அதன் விளைவை முறித்தல் ஆகிய நான்கும் ஒரே தொகுப்பாக, நேர வரம்புடன் செய்யப்பட்டன. தனித்தனியே எல்லா மருத்துவரும் அறிந்தவைதாம். ஒன்றாகவும் விரைவாகவும் செய்தபோது, இறத்தல் அல்லது கடும் முடமாதல் போன்ற மோசமான விளைவுகளுக்கான வாய்ப்பு 14 விழுக்காடு குறைந்தது.

14 விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் விலையுயர்ந்த கருவியோ மருந்தோ இன்றி, மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடியவற்றால் கிடைத்த பயன் இது. கிழிந்த தமனியிலிருந்து பாயும் இரத்தம் முதல் சில மணி நேரங்களில்தான் பெருகுகிறது; அதற்குள் அழுத்தத்தைக் குறைத்தால் கசிவின் அளவு சிறிதாகவே நின்றுவிடக்கூடும். மருத்துவமனைக்குள் இந்த ஒரு மணி நேரம் நோயாளி உள்ளே நுழைந்த பின்னரே தொடங்குகிறது. வாசலை அடையும்வரை கழியும் நேரம் வீட்டார் கையில் உள்ளது.

அறுவை சிகிச்சையிலும் நிலை சற்று மாறியிருக்கிறது. மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கசிவுகளைச் சிறு துளை வழியே 24 மணி நேரத்துக்குள் அகற்றினால் நன்மை உண்டு என 300 பேரைக் கொண்ட ஆய்வு 2024இல் காட்டியது. ஆழத்தில் உள்ள கசிவுகளில் அந்த நன்மை தெரியவில்லை. சிறுமூளையில் பெரிய கசிவு எனில் அறுவை உயிர் காக்கும் என்பது முன்பே தெரிந்தது. ஆகவே 'பக்கத்து வீட்டுக்காரருக்கு அறுவை செய்தார்கள், எங்களுக்கு ஏன் செய்யவில்லை?' என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் கசிவின் இடத்திலும் அளவிலும் இருக்கிறது. ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்குமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் நாளில் எடுக்கக் கூடாத முடிவு

நோயாளி மயக்கத்தில், செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். 'எதுவும் சொல்ல இயலாது' என்கிறார்கள். செலவு கண்முன் நிற்கிறது. உறவினர் கூடி, 'கடைசிக் காலத்தில் வீட்டில் இருக்கட்டும்' என்கின்றனர். எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் குறைவல்ல. அவர்கள்மீது குறை சொல்வது எளிது. அந்த இடத்தில் நிற்பது எளிதன்று.

ஆனால் மருத்துவச் சான்றுகள் சொல்வதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. இந்நோயில் முதல் நாளிலேயே 'பிழைக்க மாட்டார்' எனக் கணிப்பது பலமுறை பிழையாகிறது. நம்பிக்கை இல்லை என்று சிகிச்சையைக் குறைத்துக்கொள்வதே இறப்புக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. எனவேதான், நோயாளி முன்பே தம் விருப்பத்தைத் தெரிவித்திருந்தாலன்றி, சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் முடிவை இரண்டாம் நாள் முழுதும் கழியும்வரையாவது தள்ளிவைக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. இரண்டு நாள் முழுச் சிகிச்சை கொடுத்த பின் அதே கேள்வியை மருத்துவரிடம் மீண்டும் கேளுங்கள். அதன் பின்னரும் மீளும் வாய்ப்பு இல்லையெனில், வலியும் மூச்சுத்திணறலும் இன்றி அவரை வைத்திருக்கும் நோய்தணிப்புச் சிகிச்சையைக் கோரலாம். அதுவும் சிகிச்சையே. செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேர்க்கும்போதே காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்ற இயலுமா என்பதையும் முதல் நாளிலேயே கேளுங்கள்.

பிழைத்தவரைப் பேணும்போது முதல் ஆபத்து பெரும்பாலும் உணவால் வருகிறது. விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் அன்பினால் ஊட்டப்படும் ஒரு வாய் கஞ்சி நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். செவிலியர் சோதித்து 'கொடுக்கலாம்' என்று சொன்ன பின்னரே ஊட்ட வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியால் முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் மிகுதியாகத் தெரியும். அதன் பின்னரும் தொடரும். வலிப்பு வந்தாலோ, மனம் சோர்ந்து உணவை ஒதுக்கினாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. பராமரிப்பவரும் உறங்க வேண்டும். இரவு முறையை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்வது உதவி மட்டுமன்று, தேவை.

தடுப்பதில் நாம் எங்கே நிற்கிறோம்?

தமிழ்நாட்டில் 2020இல் மேற்கொள்ளப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டு, மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கின. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் இந்த அளவு ஏறத்தாழ 17 விழுக்காடாக உயர்ந்தது. இரு மடங்குக்கு மேல் என்பது முன்னேற்றமே. ஆனால் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டோர் இன்னும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றனர் என்பதையும் அதே எண் காட்டுகிறது.

மாத்திரை வீடு வந்த பின்னும் இரத்த அழுத்தம் ஏன் கட்டுக்குள் வருவதில்லை? ஒரு காரணம், இந்நோய் வலிப்பதில்லை. அளந்து பார்த்து '130 இருக்கிறது, சரியாகிவிட்டது' என்று நிறுத்துகின்றனர். மாத்திரை உட்கொள்வதால்தான் 130 இருக்கிறது. நோய் அகன்றதால் அன்று. விரத நாள்களில், திருமண வீடுகளில், ஊருக்குச் செல்கையில் மாத்திரை விடுபடுகிறது. கால் வீக்கம் போன்ற தொல்லை வந்தால் மாற்று மருந்து கேட்காமல் தாமே நிறுத்துவோரும் உண்டு. இன்னொரு காரணம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். மதுவும் புகையும் இந்நோய்க்கு நேரடியாக வழிவகுப்பவை.

ஒருமுறை கசிவு ஏற்பட்டவருக்கு மீண்டும் வராமல் காப்பது பெரும்பாலும் இரத்த அழுத்தத்தைப் பொறுத்தது. 130/80க்குக் கீழ் வைத்திருப்பதே அவர்களுக்கான பொதுவான இலக்கு. வீட்டில் ஒரு தானியங்கிக் கருவி வைத்து, வாரம் சில நாள்கள் ஐந்து நிமிடம் அமர்ந்த பின் அளந்து, ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வருகையில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செயற்கை வால்வு, சீரற்ற இதயத்துடிப்பு போன்றவற்றுக்காக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். வார்ஃபரின், அசெனோகூமரால் உட்கொள்வோர் ஐ.என்.ஆர். சோதனையைத் தவறவிடக் கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி உட்கொள்வதும், நாட்டு மருந்தைச் சொல்லாமல் சேர்ப்பதும் கசிவை உண்டாக்கக்கூடும். அதற்காக அச்சத்தில் மருந்தை நிறுத்தினால் வால்வில் கட்டி உறைந்து மூளையை அடைக்கலாம். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. இம்மருந்து உட்கொள்பவரின் தலையில் சிறு அடி பட்டாலும், காயம் தெரியாவிட்டாலும், அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இளையோரில் மூளைக்குள் இரத்தம் கசிய முதன்மையான காரணம் இருசக்கர வாகன விபத்து. தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமன்றிப் பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி கட்டாயம்; கன்னப்பட்டையைப் பூட்டாத கவசம் விழும்போது கழன்று பறந்துவிடும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார் என்பதால் வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. தமனி கிழிந்து மண்டையோட்டுக்கும் உறைக்கும் இடையே தேங்கும் கசிவில், சில மணி நேரம் தெளிவாக இருந்துவிட்டுத் திடீரென மயங்குவது இயல்பு. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப இயலாத உறக்கம், வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து நீர்போல் ஒழுகுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு மீண்டும் கொண்டு செல்ல வேண்டும். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் வரம்புக்குட்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நல்லெண்ணத்துடன் உதவியவர்கள்மீது வழக்குத் தொடர இயலாதபடி மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாப்பளிக்கிறது.

முதியோர் விழுவதைத் தடுக்க வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. குளியலறையில் வழுக்காத விரிப்பும் சுவரில் உறுதியான கைப்பிடியும் அமைக்கலாம். படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடையே இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். புதிதாக இரத்த அழுத்த மாத்திரையோ உறக்க மாத்திரையோ தொடங்கிய முதல் வாரங்களில் எழுந்திருக்கும்போது தலைசுற்றுகிறதா என்று கேளுங்கள். அவ்வாறெனில் படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பின் எழச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் தெரிவியுங்கள். அதையும் மீறி விழுந்து தலையில் அடிபட்டுவிட்டால், அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதிலிருந்து மூன்று மாதங்கள்வரை அவருடைய நடையையும் பேச்சையும் உறக்கத்தையும் கவனித்து வர வேண்டும்.